கொலராடோ எஸ்பி 3 பில்: கையில இருக்குற துப்பாக்கிக்கு என்ன ஆகும், ஏ.ஆர் இப்பவே வாங்கிடணுமா?

பார்க்கர்_குமரன் | பிப்ரவரி 23, 2025

எல்லாருக்கும் வணக்கம். கொலராடோவுல துப்பாக்கி வச்சிருக்குற நம்ம ஆளுங்க யாராவது இருந்தா கொஞ்சம் விவரம் சொல்லுங்க, இதையே நினைச்சு மண்டை காயுது. சில வகை செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கிங்க வாங்குறதையும் விக்குறதையும் கட்டுப்படுத்துற எஸ்பி 3 பில், 18ஆம் தேதி மாநில செனட்ல 19-15னு பாஸ் ஆயிடுச்சு, அடுத்து ஹவுஸ், அங்கயும் டெமாக்ரட்ஸ்தான் மெஜாரிட்டி, அதனால அங்க நின்னு போகும்னு எனக்கு நம்பிக்கை இல்ல.

நான் பார்க்கர்ல இருக்கேன், டக்ளஸ் கவுண்டி. க்ரீன் கார்டு, சிட்டிசன்ஷிப்புக்கு அப்ளை பண்ணிட்டு இன்டர்வியூவுக்கு காத்துக்கிட்டிருக்கேன். என்கிட்ட ஒரு க்ளாக் 19 கைத்துப்பாக்கி இருக்கு, பையனுக்கு பக்கத்துல நின்னு சுட கத்துக்குடுக்க ஒரு ரூகர் 10/22 ரைஃபிள் இருக்கு, ரெண்டும் சேஃப்ல பூட்டியே இருக்கும். இந்த வருஷம் போனஸ் வந்ததும் ரேஞ்சுல (சுட்டு பழகுற இடம்) சுடன்னு ஒரு ஏ.ஆர்-15 ரைஃபிள் எடுக்கலாம்னு ரொம்ப நாளா ஆசை. இப்ப என்னடான்னா ஆபீஸ்ல ஒருத்தன் "வீட்டுக்கே வந்து எல்லாத்தையும் புடுங்கிட்டு போயிடுவாங்க"ங்கிறான், இன்னொருத்தன் "அதெல்லாம் ஒண்ணுமில்ல, ஒரு க்ளாஸ் போயிட்டு வந்தா போதும்"ங்கிறான். கடைக்கு போனா கூட்டம், கவுண்டர்ல இருந்தவரு இன்னைக்கே எடுத்துடுங்கன்னு சொல்றாரு, அவரு வியாபாரம் அவருக்கு.

எனக்கு தெரிய வேண்டியது, இருக்குற ரெண்டும் இந்த பில்லுல மாட்டுமா, ஏ.ஆர் இப்பவே வாங்குறது புத்திசாலித்தனமா, வாங்குறதுக்கு முன்னாடி கவுண்டி ஷெரிஃப்கிட்ட வாங்கணும்ங்கிற அந்த கார்டு விஷயத்துல க்ரீன் கார்டு ஆளுங்கள வேற மாதிரி நடத்துவாங்களா. இன்னொண்ணு, கமிட்டி ஹியரிங்ல போயி எதிர்ப்பு சொல்லணும்னு எனக்கு தோணுது, ஆனா சிட்டிசன்ஷிப் பெண்டிங்ல இருக்கும்போது "துப்பாக்கிக்காக பேசின ஆளு"ன்னு ரெக்கார்டுல பேர் வந்தா பிரச்சனை ஆகுமான்னு வீட்டுல பயப்படுறாங்க. விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஸ்ப்ரிங்ஸ்_வேலு | பிப்ரவரி 23, 2025

குமரன் தம்பி, முதல்ல ஒண்ணு, யாரும் வீட்டுக்கு வந்து எதையும் எடுக்க மாட்டாங்க. நான் இந்த பில்லுக்கு முழு எதிரி, ஆனாலும் இல்லாதத இருக்குன்னு சொல்லி எதிர்க்கக் கூடாது. பில்லு தடுக்குறது தயாரிக்குறது, விக்குறது, வாங்குறது, கை மாத்துறது, இதுங்களத்தான். ஏற்கனவே சட்டப்படி வச்சிருக்குறத வச்சிருக்கலாம்.

எதை தடுக்குறாங்கன்னு பாருங்க. மேகசினை (குண்டு அடைக்குற பெட்டி) கழட்டி மாட்டுற மாதிரி இருக்குற செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் (ஒவ்வொரு தடவை சுட்டதும் அடுத்த குண்டு தானா ஏறுறது), அதே மாதிரி ஷாட்கன், அப்புறம் குண்டு வெடிக்கும்போது வர்ற வாயுவுல (கேஸ்) இயங்குற செமி ஆட்டோமேட்டிக் கைத்துப்பாக்கி. உங்க க்ளாக் ரீகாயில்ல, அதாவது பின்னாடி உதைக்குற விசைல, இயங்குறது, அதனால அது இதுக்குள்ள வரவே வராது. கைத்துப்பாக்கில மாட்டுறது டெசர்ட் ஈகிள், ஏ.ஆர் பிஸ்டல் மாதிரி ஐட்டங்கதான். 10/22 சுடுறது .22 ரிம்ஃபயர்ங்கிற சின்ன குண்டு, அதுக்கும் விலக்கு. போல்ட் ஆக்ஷன், பம்ப், லீவர் எதுவும் வராது. ஏ.ஆர்-15 நேரா வந்து மாட்டும்.

பில்லு உள்ள வந்தப்ப இது சுத்தமா தடைதான், அந்த வகை புதுசா யாருமே வாங்க முடியாதுன்னு. செனட்ல மாத்தினாங்க, கவர்னர் பாலிஸ் முழு தடைக்கு கையெழுத்து போட மாட்டாருன்னுதான் இந்த ட்ரெய்னிங் வழிய நுழைச்சாங்கன்னு பேச்சு. இப்ப இருக்குற வடிவத்துல என்னன்னா, வாங்கணும்னா முதல்ல உங்க கவுண்டி ஷெரிஃப்கிட்ட போயி பேக்ரவுண்ட் செக் முடிச்சு ஒரு எலிஜிபிலிட்டி கார்டு வாங்கணும், அது கிடைச்சாத்தான் க்ளாஸ்லயே சேர முடியும், ஹன்டர் எஜுகேஷன் (வேட்டைக்கு போறவங்களுக்கான பாதுகாப்பு க்ளாஸ்) முடிச்சவங்களுக்கு 4 மணி நேர க்ளாஸ், முடிக்காதவங்களுக்கு 12 மணி நேரம், அதுவும் குறைஞ்சது ரெண்டு தனித்தனி நாள்ல நேர்ல போயி உக்காரணும், கடைசில பரீட்சை, 90 சதவீதம் எடுக்கணும், அந்த சர்டிஃபிகேட் 5 வருஷத்துக்கு செல்லும். இது எல்லாம் முடிச்சிட்டு அப்புறம்தான் கடைக்கு போயி வழக்கமான சிபிஐ செக் (நம்ம ஊரு சிபிஐ இல்ல, கொலராடோ பீரோ), வழக்கமான 3 நாள் வெயிட்டிங், எல்லாம் மறுபடி முதல்ல இருந்து. அமலுக்கு வர்றது ஆகஸ்ட் 1, 2026. ஸோ இன்னைக்கே கடைக்கு ஓட வேண்டிய அவசியம் கிடையாது.

இப்ப நான் ஏன் எதிர்க்குறேன்னு சொல்றேன். ரூகர் மினி-14 ரான்ச் ரைஃபிளுக்கு பில்லுல பேர் போட்டு விலக்கு குடுத்திருக்காங்க. எம்1 கேரண்ட், ப்ரௌனிங் பி.ஏ.ஆர், இப்படி ஒரு நீள லிஸ்ட் இருக்கு. மினி-14 ஏ.ஆர் சுடுற அதே குண்டத்தான் சுடுது, அதுக்கும் மேகசின் கழண்டு வரும், அதுவும் செமி ஆட்டோதான். மரக்கட்டை போட்டு தாத்தா காலத்து ரைஃபிள் மாதிரி தெரியுறதால அது ஓகே, கறுப்பா இருக்குறதால இது ஆபத்துன்னா, இது பாதுகாப்புக்காக எழுதின சட்டமா பாக்க எப்படி இருக்குன்னு எழுதின சட்டமா? குண்டோட வேகமும் காயமும் ரெண்டுலயும் ஒண்ணுதானே. எனக்கு இதுக்கு பதில் சொன்ன எம்.எல்.ஏ ஒருத்தரும் இல்ல.

2013ல நடந்தது நிறைய பேருக்கு ஞாபகம் இருக்காது. அப்ப 15 ரவுண்டுக்கு மேல மேகசின் கூடாதுன்னு சட்டம் போட்டாங்க, அந்த வருஷம் செப்டம்பர்லயே எங்க ஊரு செனட்டரு, செனட் பிரசிடெண்டா இருந்த ஜான் மோர்ஸ், பியூப்ளோ ஆஞ்சலா ஹிரோன், ரெண்டு பேரையும் ரீகால் எலெக்ஷன்ல (பதவிக்காலம் முடியுறதுக்கு முன்னாடியே திருப்பி அழைக்குற ஓட்டு) மக்கள் தூக்கிட்டாங்க. ஈரி ஊர்ல மேகசின் செஞ்சுக்கிட்டிருந்த மேக்புல் கம்பெனி வயோமிங்குக்கும் டெக்ஸஸுக்கும் போயிடுச்சு, வேலையும் கூடவே போச்சு. அதுல இருந்து கத்துக்கிட்டிருப்பாங்கன்னு நினைச்சேன்.

ஹியரிங்ல பேசுறது பத்தி கவலையே படாதீங்க. சாட்சி சொல்ல சிட்டிசனா இருக்கணும்னு ஒரு விதியும் இல்ல. சட்டப்படி வாங்கின துப்பாக்கி இருக்குறதும் இயல்பா குடியுரிமைய கெடுக்காது. ஆனா ஒரு விஷயத்துல ரொம்ப ரொம்ப ஜாக்கிரதை, கன் ஷோவுலயும் கடை வாசல்லயும் "ரீகால் பெட்டிஷன்ல கையெழுத்து போடுங்க", "ஓட்டு ரெஜிஸ்டர் பண்ணுங்க"ன்னு மேசை போட்டு உக்காந்திருப்பாங்க. க்ரீன் கார்டுல அதுல எதுலயும் கை வைக்காதீங்க, பெட்டிஷன்ல கையெழுத்து போட வாக்காளரா இருக்கணும், அதுல தெரியாம மாட்டினாலும் குடியுரிமைக்கே ஆபத்து வரலாம். நல்ல மனசோட நீட்டுவாங்க, வேணாம்னு சொல்லிட்டு வந்துடுங்க.

அரோரா_மீனா | பிப்ரவரி 24, 2025

வேலு அண்ணா சட்டத்த சரியா சொல்லிட்டாரு, ஆனா அவரு சொல்ற முடிவு எனக்கு ஒத்து வரல. நானும் துப்பாக்கி வச்சிருக்கேன், கன்சீல்ட் கேரி பெர்மிட் (வெளிய தெரியாம கூட எடுத்துட்டு போற அனுமதி) இருக்கு, நைட் ஷிஃப்ட் முடிஞ்சு தனியா வர்ற வேலை. துப்பாக்கி வச்சிருக்குறவங்க எல்லாரும் இத எதிர்க்குறாங்கன்னு டிவில சொல்லும்போது எனக்கு கோவம் வருது, என்னை யாரு கேட்டா?

இந்த பில்ல கொண்டு வந்தவங்கள்ல ஒருத்தரு செனட்டர் டாம் சலிவன். 2012 ஜூலை 20 ராத்திரி எங்க ஊரு செஞ்சுரி தியேட்டர்ல செத்த 12 பேர்ல அவரு மகனும் ஒருத்தர், அன்னைக்கு அந்த பையனுக்கு 27வது பிறந்தநாள். இன்னும் 70 பேருக்கு காயம். சுட்டவன்கிட்ட ஏ.ஆர் ரைஃபிளும் அதுல 100 ரவுண்ட் ட்ரம் மேகசினும் இருந்துச்சு, அது நடுவுல ஜாம் ஆச்சு, ஆகாம இருந்திருந்தா எத்தனை பேரோ. அவன் எல்லாத்தையும் சட்டப்படிதான் வாங்கினான், ரெண்டு மாசத்துக்குள்ள. அந்த ரெண்டு மாசத்துல ஒரு தடவையாவது ஒரு ஷெரிஃப் ஆபீஸ்ல போயி நிக்க வேண்டி இருந்திருந்தா, ஒரு இன்ஸ்ட்ரக்டர் முன்னாடி ரெண்டு நாள் உக்கார வேண்டி இருந்திருந்தா, யாராவது ஒருத்தருக்கு சந்தேகம் வந்திருக்குமான்னு நான் நினைக்காத நாள் இல்ல. வந்திருக்கும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. ஆனா அந்த வாய்ப்பே அன்னைக்கு இல்ல. 2021ல பவுல்டர் கிங் சூப்பர்ஸ்ல 10 பேர், அது ஏ.ஆர் பிஸ்டல். அந்த வகைய இந்த பில்லு தொடுது, அது முக்கியம்.

சலிவன் சொல்ற இன்னொரு வாதமும் எனக்கு நியாயமா படுது. 15 ரவுண்ட் லிமிட் சட்டம் 2013ல இருந்து இருக்கு, மாநில சுப்ரீம் கோர்ட்டே 2020ல அது செல்லும்னு சொல்லிடுச்சு, ஆனா 30 ரவுண்ட் மேகசின் வேணும்னா இன்னைக்கும் கிடைக்குது, பக்கத்து ஸ்டேட்டுக்கு போனா கிடைக்குது, இங்கயே பார்ட்ஸ் கிட்டா பிரிச்சு வித்தாங்க. இருக்குற சட்டத்த மதிச்சிருந்தா இந்த புது சட்டத்துக்கு அவருக்கு காரணமே கிடைச்சிருக்காது. நம்ம பக்கத்து தப்பு இது, ஒத்துக்கணும்.

எனக்கு பில்லுல பிடிக்காதது காசும் நேரமும். ஷெரிஃபுக்கு ஃபீஸ், க்ளாஸுக்கு ஃபீஸ், ரெண்டு நாள் லீவு. என் கூட வேலை செய்யுற ஒரு அம்மா தனியா ரெண்டு பிள்ளைய வளக்குறா, அவளால ரெண்டு நாள் 12 மணி நேரம் எங்க போயி உக்கார முடியும்? க்ளாஸ இலவசமா வைக்கணும், ஞாயித்துக்கிழமையும் வைக்கணும், அத கேட்டுத்தான் நான் எழுதப் போறேன். க்ளாஸ்ல என்ன சொல்லித்தரணும்னும் பில்லுலயே இருக்கு, குழந்தைங்க கைல கிடைக்காம வைக்குறது, தற்கொலை, ரெட் ஃப்ளாக் சட்டம் (ஆபத்தான ஆளுகிட்ட இருந்து கோர்ட் உத்தரவுல துப்பாக்கிய தற்காலிகமா எடுக்குறது) எல்லாம். கொலராடோவுல துப்பாக்கியால போற உயிர்ல பெரும்பகுதி தற்கொலைதான், கொலை இல்ல. நம்ம வீடுகள்ல மனசு சரியில்லைன்னா வெளிய சொல்றதில்ல, அப்படிப்பட்ட வீட்டுல சேஃப் சாவி யாருகிட்ட இருக்குன்னு யாராவது உக்கார வச்சு பேசுனா அதுல எனக்கு நஷ்டம் இல்ல.

ப்ரூம்ஃபீல்டு_புதுசு | பிப்ரவரி 24, 2025

நடுவுல கேக்குறதுக்கு மன்னிக்கவும். நான் எச்1பி. ஆபீஸ் டீம் அவுட்டிங்னு ரேஞ்சுக்கு கூப்பிடுறாங்க, அங்க வாடகைக்கு துப்பாக்கி எடுத்து சுடலாமா? இந்த பில்லு வந்தா அதுவும் முடியாதா?

ஸ்ப்ரிங்ஸ்_வேலு | பிப்ரவரி 24, 2025

புதுசு தம்பி, உங்களுக்கு எஸ்பி 3 பிரச்சனையே இல்ல, அதுக்கு மேல ஃபெடரல் சட்டம் இருக்கு. எச்1பி, எச்4, எஃப்1 மாதிரி விசாவுல வந்தவங்க துப்பாக்கியோ குண்டோ வச்சிருக்கக் கூடாது, ரேஞ்சுல வாடகைக்கு எடுத்து கைல புடிக்குறதும் அதுலதான் வரும். கூட வந்தவங்க எல்லாரும் சுடுறாங்க, யாரும் கேக்கலன்னு சுட்டுட்டு இன்ஸ்டால போட்டோ போடாதீங்க, இது ஃபெலனி, விசாவும் போச்சு க்ரீன் கார்டும் போச்சு. சட்டத்துல ஒரு விலக்கு இருக்கு, ஏதாவது ஒரு ஸ்டேட்டோட செல்லுபடியாகுற ஹன்டிங் லைசென்ஸ் உங்க பேர்ல இருந்தா முடியும். கொலராடோவுல 1949 ஜனவரி 1க்கு அப்புறம் பிறந்தவங்களுக்கு ஹன்டர் எஜுகேஷன் முடிச்சாத்தான் அந்த லைசென்ஸே குடுப்பாங்க. அது வரைக்கும் டீம் அவுட்டிங்ல நின்னு வேடிக்கை பாருங்க. வீட்டுல கணவன் சிட்டிசன், மனைவி எச்4ன்னு இருந்தா சேஃப் நம்பர் அவங்களுக்கு தெரியாம இருக்குறது நல்லது.

மீனா தங்கச்சி, 30 ரவுண்ட் மேகசின் விஷயத்துல நீங்க சொன்னது உண்மை, அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. ஆனா மேகசின் சட்டத்த மீறின கடைக்காரன புடிங்க, அத விட்டுட்டு மேகசின் போடுற துப்பாக்கியவே எல்லாருக்கும் கட்டுப்படுத்துறது எப்படி சரி?

க்ரீலி_பழனி | பிப்ரவரி 26, 2025

வணக்கமுங்க. நான் வெல்ட் கவுண்டி, ஊருக்கு வெளிய கொஞ்சம் நெலம், ஆடு கோழி வச்சிருக்கோம். கயோட்டி (ஓநாய் மாதிரி மிருகம்) தொல்லை உண்டு, 911 கூப்பிட்டா ஆள் வர நேரம் ஆகும், அதனால வீட்டுல ரைஃபிள் இருக்குறது இங்க சாதாரணம். இங்க எங்க பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் கொதிச்சுப் போயிருக்காங்க, 2019ல ரெட் ஃப்ளாக் சட்டம் வந்தப்ப எங்க ஷெரிஃப் ஸ்டீவ் ரீம்ஸ் அத அமல்படுத்துறதுக்கு பதிலா ஜெயிலுக்கே போறேன்னு சொன்ன ஊருங்க இது.

நீங்க எல்லாம் மினி-14, 12 மணி நேரம்னு பேசுறீங்க, எனக்கு அதெல்லாம் ரெண்டாவதுங்க. முதல் விஷயம் அந்த எலிஜிபிலிட்டி கார்டுதான். எங்க தாத்தாவுக்கு கூடலூர் பக்கம் காட்டுப்பன்னி பயிர அழிக்குதுன்னு லைசென்ஸ் போட்டு ஒரு ரெட்டைக்குழல் துப்பாக்கி இருந்துச்சு. லைசென்ஸ் புதுப்பிக்கணும்னா தாசில்தார், ஸ்டேஷன், கலெக்டர் ஆபீஸ்னு அலைவாரு, ஒவ்வொரு எலெக்ஷனுக்கும் கொண்டு போயி போலீஸ் ஸ்டேஷன்ல ஒப்படைச்சிட்டு எலெக்ஷன் முடிஞ்சப்புறம் போயி வாங்கிட்டு வருவாரு. பன்னி எலெக்ஷன பாத்து வராது. யாருக்கு லைசென்ஸ் கிடைக்கும் யாருக்கு கிடைக்காதுங்கிறது அந்த நாற்காலில யாரு உக்காந்திருக்காங்கங்கிறத பொறுத்துங்க. கிடைக்காதவங்க யாருன்னு ஊருக்கே தெரியும்.

இங்க வந்தப்ப எனக்கு பெரிய ஆச்சரியமே, மாநில அரசியல் சட்டத்துலயே ரெண்டாவது பிரிவு 13ஆவது செக்ஷன்ல வீட்டையும் உயிரையும் சொத்தையும் காப்பாத்த ஆயுதம் வச்சிருக்குறது உரிமைன்னு எழுதி வச்சிருக்காங்கங்கிறதுதான். கேட்டு வாங்குற இடத்துல இருந்து கேக்க வேண்டாத இடத்துக்கு வந்தேன். இப்ப இந்த பில்லுல என்ன இருக்குன்னா, கிரிமினல் ரெக்கார்டு எதுவும் இல்லாட்டியும், இந்த ஆளோட பழைய நடத்தைய பாத்தா ஆபத்தானவருன்னு ஷெரிஃப் நியாயமா நினைச்சா கார்ட மறுக்கலாம். 64 கவுண்டி இருக்கு, 64 விதமா நினைப்பாங்க. என் ஷெரிஃப் எனக்கு குடுத்துடுவாரு, அவருக்கே இந்த சட்டம் பிடிக்காது. வேற கவுண்டில, உச்சரிப்பு வேற, பேரு வாயில நுழையல, தோல் கறுப்பு, அப்படி ஒரு ஆளு போயி நின்னா? அங்க யாரு அளக்குறாங்க நியாயத்த? கறுப்பின மக்கள் பர்மிட் சட்டங்களால எவ்வளவு பட்டாங்கன்னு இந்த நாட்டு சரித்திரத்துலயே இருக்குங்க, தெற்கு மாநிலங்கள்ல ஷெரிஃப் இஷ்டம்னு விட்டப்ப யாருக்கு கிடைக்கலன்னு பாருங்க. 1956ல மார்ட்டின் லூதர் கிங் வீட்டுல குண்டு வெடிச்சதுக்கு அப்புறம் அவரு துப்பாக்கி பர்மிட்டுக்கு அப்ளை பண்ணினாரு, அலபாமாவுல அவருக்கே மறுத்துட்டாங்க.

மீனா அம்மிணி சொல்ற க்ளாஸ நான் எதிர்க்கலைங்க. க்ளாஸ் வைங்க, கட்டாயமாக்கணும்னா ஆக்குங்க, நாலு மணி நேரம் என்ன எட்டு மணி நேரம் உக்காரத் தயார். க்ளாஸுக்கு முன்னாடி ஒரு மனுசன் என்னைப் பாத்து நீ உள்ள வரலாமா வேணாமான்னு முடிவு பண்றான் பாருங்க, அந்த வரி வெளிய போகணும்.

அரோரா_மீனா | பிப்ரவரி 26, 2025

பழனி அண்ணா, நீங்க சொன்னத படிச்சிட்டு கொஞ்ச நேரம் யோசிச்சேன். என் கன்சீல்ட் கேரி பெர்மிட்டும் ஷெரிஃப்தான் குடுத்தாரு, அதுலயும் இதே மாதிரி மறுக்குற அதிகாரம் இருக்கு, எனக்கு மரியாதையாதான் நடந்துச்சு. ஆனா எனக்கு நடந்தது எல்லாருக்கும் நடக்கும்னு நான் சொல்ல முடியாது. மறுத்தா எழுத்துல காரணம் குடுக்கணும், எத்தனை பேருக்கு மறுத்தாங்கன்னு கவுண்டி வாரியா வெளியிடணும்னு நான் எழுதுறதுல சேத்துக்குறேன். வரிய எடுக்கணும்னு மட்டும் கேக்க மாட்டேன். ஆபத்தான ஆளுன்னு ஊருக்கே தெரிஞ்சும் ரெக்கார்டுல எதுவும் இல்லாதவன தடுக்க வேற வழி எதுவும் எனக்கு தெரியல.

ஞாயிறு_ரேஞ்ச் | மார்ச் 2, 2025

நான் வீக்கெண்ட்ல லேக்வுட் பக்கம் ஒரு ரேஞ்சுல சேஃப்டி ஆபீசரா இருக்கேன், அதனால நடைமுறை விஷயம் மட்டும் சொல்லிட்டு போறேன், அரசியல் மேல பேசிட்டாங்க.

குமரன், ஏ.ஆர் வாங்குறதா இருந்தா 2026 ஆகஸ்ட் வரைக்கும் நேரம் இருக்கு. ஆனா போன நவம்பர்ல ஓட்டுல ஜெயிச்ச ப்ரொபொசிஷன் கேகே வரி ஏப்ரல் 1ல இருந்து வருது, துப்பாக்கி, குண்டு, முக்கிய பாகங்க எல்லாத்துக்கும் 6.5 சதவீதம், கடைக்காரங்க கட்டணும்னாலும் விலைல ஏத்தத்தான் செய்வாங்க. பயத்துல வாங்குறவங்கள நான் வாரா வாரம் பாக்குறேன், ரைஃபிளுக்கு காசு குடுத்துடுறாங்க, சேஃபுக்கு காசு இல்ல, ஆப்டிக் இல்ல, க்ளாஸ் இல்ல, அப்படியே பெட்டியோட அலமாரில போயிடுது. வீட்டுல பிள்ளை இருக்கும்போது அப்படி வைக்குறது 2021 சட்டப்படியே தப்பு.

துப்பாக்கி வாங்கும்போது கடைல குடுக்குற ஃபெடரல் 4473 ஃபார்ம் நிரப்பும்போது எல்லா கேள்வியும் படிச்சு பதில் போடுங்க. ஏலியன் நம்பர் கட்டம் இருக்கும், க்ரீன் கார்டு நம்பர் போடணும். கஞ்சா கேள்வி ரொம்ப முக்கியம், கொலராடோவுல 2014ல இருந்து கடைல விக்குறாங்க, ஆனா ஃபெடரல் சட்டத்துல பயன்படுத்துறவங்க துப்பாக்கி வாங்கக் கூடாது, தூக்கம் வரலன்னு கஞ்சா போட்ட கம்மி மிட்டாய் சாப்பிடுறவங்களும் அதுல அடக்கம். பொய் எழுதினா அது தனி ஃபெலனி, அதுவும் சிட்டிசன்ஷிப் பெண்டிங்ல இருக்கும்போது யோசிச்சுப் பாருங்க. நண்பன்கிட்ட இருந்து வாங்குனா சும்மா கை மாத்த முடியாது, 2013ல இருந்து லைசென்ஸ் உள்ள டீலர் வழியா செக் பண்ணித்தான் மாத்தணும். கார்ல க்ளாக்க வச்சிட்டு கோயிலுக்கு போற ஆளுங்களும் இருக்காங்க, இந்த ஜனவரி 1ல இருந்து அது பூட்டின கெட்டியான பெட்டிக்குள்ள, வெளிய தெரியாம, பூட்டின கார்லதான் இருக்கணும்.

எஸ்பி 3ல யாரும் இங்க சொல்லாத ஒண்ணு இருக்கு, அதுதான் எனக்கு பெரிய கவலை. ரேபிட் ஃபயர் டிவைஸ்னு ஒரு பகுதி. பம்ப் ஸ்டாக், பைனரி ட்ரிக்கர், ஃபோர்ஸ்டு ரீசெட் ட்ரிக்கர், வேகமா சுட வைக்குற எந்த சாமானும் அதுல வரும். ஃபெடரல் பம்ப் ஸ்டாக் தடைய போன ஜூன்ல சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணிடுச்சுன்னு நிறைய பேர் தைரியமா வாங்கி வச்சிருக்காங்க. துப்பாக்கிக்கு இருக்குற மாதிரி "ஏற்கனவே இருந்தா வச்சிக்கலாம்"ங்கிறது இதுக்கு கிடையாது, டேஞ்சரஸ் வெப்பன்னு வகைப்படுத்துறாங்க, வச்சிருக்குறதே குத்தம். யாராவது ஆன்லைன்ல வாங்கி டிராயர்ல போட்டு மறந்திருந்தா, இந்த பில் நிறைவேறுச்சுன்னா அத முதல்ல வெளிய எடுங்க.

பார்க்கர்_குமரன் | மார்ச் 26, 2025

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. திங்கள்கிழமை ஹவுஸ்ல 36-28னு பாஸ் ஆயிடுச்சு, பாத்திருப்பீங்க. டெமாக்ரட்ஸ்ல சில பேரே எதிர்த்து ஓட்டு போட்டிருக்காங்க, அது மட்டும் கொஞ்சம் ஆறுதல்.

நான் ஹவுஸ் ஜுடிஷியரி கமிட்டிக்கு எழுதி அனுப்பினேன். நேர்ல போகல, ஹியரிங் ராத்திரி வரைக்கும் இழுத்துச்சு. என்ன எழுதினேன்னா, நான் சட்டப்படி வந்தவன், சட்டப்படி வரி கட்டுறவன், ஒவ்வொரு ஃபார்ம்லயும் கைரேகை குடுத்தவன், க்ரீன் கார்டுக்காக எஃப்பிஐ ஏற்கனவே என்னை அலசிட்டாங்க, துப்பாக்கி வாங்கும்போது மறுபடி அலசினாங்க, இனிமே க்ளாஸ்ல உக்காரவும் அலசணும்னா அந்த அலசல் வெளிய தெரியுற விதிப்படி இருக்கணும், ஒரு ஆபீசரோட மனசுப்படி இருக்கக் கூடாதுன்னு. பழனி அண்ணா சொன்னதுதான் எனக்குள்ள ரொம்ப ஓடுச்சு. மீனா அக்கா சொன்ன இலவச க்ளாஸ், கவுண்டி வாரி கணக்கு ரெண்டையும் சேத்துக்கிட்டேன். என் மனைவியும் உக்காந்து படிச்சு திருத்துனா, அவளுக்கு துப்பாக்கியே பிடிக்காது, ஆனா "இது நியாயமான கேள்வி"ன்னு சொன்னா.

ஆபீஸ்ல அந்த "புடுங்கிட்டு போவாங்க" ஆளு இன்னும் அதையேதான் சொல்லிட்டிருக்கான். பில்லோட வாசகத்த ப்ரிண்ட் எடுத்து குடுத்தேன், படிக்கல.

ஸ்ப்ரிங்ஸ்_வேலு | ஏப்ரல் 11, 2025

நேத்து, ஏப்ரல் 10, பாலிஸ் கையெழுத்து போட்டுட்டாரு. ராக்கி மவுண்டன் கன் ஓனர்ஸ்ங்கிற துப்பாக்கி உரிமை அமைப்பு வீட்டோ கேட்டு எவ்வளவோ பிரச்சாரம் பண்ணினாங்க, நடக்கல. கோர்ட்டுக்கு போவோம்னு சொல்லியிருக்காங்க, போகட்டும், நானும் நன்கொடை குடுப்பேன். சுப்ரீம் கோர்ட்டோட 2022 ப்ரூன் தீர்ப்புக்கு அப்புறம் சரித்திரத்துல இதுக்கு ஒப்பான சட்டம் இருந்துச்சான்னு மாநிலம் காட்டணும், அங்க அவங்களுக்கு கஷ்டம்தான். ஆனா பத்தாவது சர்க்யூட் (நம்ம பகுதிக்கான ஃபெடரல் அப்பீல் கோர்ட்) போன நவம்பர்ல, துப்பாக்கி வாங்க 21 வயசு ஆகணும்ங்கிற கொலராடோ சட்டத்து மேல இருந்த தடைய எடுத்ததையும் பாத்தேன், அதனால சுலபமா ஜெயிச்சிடுவோம்னு யாருக்கும் நம்பிக்கை குடுக்க மாட்டேன். 2026ல கவர்னர் எலெக்ஷன், சட்டசபை எலெக்ஷன் ரெண்டும் வருது. சிட்டிசன் ஆனவங்க தயவு செஞ்சு ஓட்டு போடுங்க, மீனா மாதிரி இத ஆதரிக்குறவங்களும் சேத்துத்தான் சொல்றேன்.

க்ரீலி_பழனி | ஏப்ரல் 11, 2025

கார்டு வரி அப்படியேதான் இருக்குதுங்க. மனசு ரொம்ப கஷ்டமா இருக்கு. யாராவது கார்டுக்கு அப்ளை பண்ணி மறுத்தாங்கன்னா, இங்க வந்து எழுதுங்க, எந்த கவுண்டி, என்ன காரணம் சொன்னாங்கன்னு. பேரு வேணாம். மீனா கேட்ட கணக்க அரசாங்கம் போடாட்டி நாமளாவது போடுவோம்.

பார்க்கர்_குமரன் | ஏப்ரல் 12, 2025

கண்டிப்பா எழுதுறோம் அண்ணா. நான் ஏ.ஆர் இப்ப வாங்கல, சிட்டிசன்ஷிப் முடியட்டும்னு முடிவு பண்ணிட்டோம். பையனும் நானும் சேந்து ஹன்டர் எஜுகேஷனுக்கு பேர் குடுத்திருக்கோம். ஞாயிறு ப்ரோ, அத முடிச்சா 12க்கு பதிலா 4 மணி நேரம்தானே, வேற ஸ்டேட்ல முடிச்சதும் செல்லுமா, என் மச்சான் டெக்ஸஸ்ல முடிச்சிட்டு இங்க மாறி வர்றான்.

ஞாயிறு_ரேஞ்ச் | ஏப்ரல் 12, 2025

ஆமா, 4 மணி நேரம். சட்டத்துல சொல்லியிருக்குறது கொலராடோ பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் குடுக்குற ஹன்டர் எஜுகேஷன், அதனால மச்சான இங்கயே ஒரு தடவை முடிக்க சொல்லுங்க, வீண் சண்டை வேணாம். உங்க சர்டிஃபிகேட் நம்பர போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சிக்கோங்க, அட்டைய தொலைச்சிட்டு கவுண்டர்ல வந்து நிக்குறவங்க நிறைய. முதல் சில மாசம் இன்ஸ்ட்ரக்டரும் சீட்டும் கம்மியாத்தான் இருக்கும்னு எங்க ரேஞ்சுல பேசிக்குறாங்க, 2026 ஆகஸ்டுக்கு அப்புறம் வாங்குறதா இருந்தா கார்டுக்கு சீக்கிரம் அப்ளை பண்ணுங்க.